எர்த் பிழை

கொக்குவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மேல்மாடி அறை.
சுவர் முழுக்க முட்டை மட்டை,
பேக்கரி றெஜினோல்ட் சும்மா தந்தது.
மழை பெய்தால் இப்பவும் வெடுக்கு.

லாப்டொப். ஒரு கட்டை எழும்பாத கீபோர்ட்.
ஒன்றோடொன்று பேசாத இரண்டு ஸ்பீக்கர்.
எதை வாசித்தாலும் அடியில்
ம்ம்ம்ம்
என்றொரு இரைச்சல்.

எர்த் பிழை என்றார் வயர்மன்.
கேபிளை மாத்தடி என்றாள் ஸ்காபரோவிலிருந்து தர்மிளா.
மாற்றினேன்.
சந்தி ட்ரான்ஸ்ஃபோமர் சுவரேறி வந்து
மிக்சருக்குள் குந்திக்கொண்டது, எழும்பமாட்டன் என்று.

ஒரு இரவு கலைக்கிறதை விட்டுவிட்டு
அதையே ஆதார சுருதியாய் வைத்தேன்.
குருநகரில் போனில் பிடித்த
ஐஸ் கட்டி உடைபடும் சத்தம் கிக்.
இரவு மெயில் போகேக்க
நடுங்கிற என் ஜன்னல் கண்ணாடி ஹைஹெட்.
எல்லாவற்றையும் அரை மயிரிழை ஏற்றி
ட்ரான்ஸ்ஃபோமரோடு சேர்த்துக் கட்டினேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

ஹெட்போனில், பற்றரியில், பாட்டு ஓடுகிறது.
அப்படியொரு சுத்தம்.
நிற்க நிலமில்லாத சுத்தம்.

நுளம்பு ஒன்று வந்து
சுருதி பிடித்துப் பார்த்தது, சரிவரவில்லை.

கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்கிறது திரை.
'மின்சார சபை' என்று அடித்துவிட்டு
இருட்டில் இருக்கிறேன்,
மற்றவர் வந்து சேரட்டும்.