ரெண்டு விசில்

காரைக்குடி, கழனிவாசல் ரோடு.
சாப்பாட்டுக்கு முந்தின கடைசி ஸ்கேன்.

சில்லறை, பெல்ட், வெள்ளி அரைஞாண்
எல்லாம் டப்பாவில் போட்டுவிட்டார்.
விசிலை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டு
"இதுவுமா?" என்றார் சாத்தையா.
இருபத்தாறு வருஷமாகத்
திருப்பத்தூர் வண்டியில் கண்டக்டர்.

"இதுவும்தான். காந்தம் பிடுங்கிக்கும்."
அதே கையில் ரப்பர் பந்தை வைத்தேன்.
"இதை அமுக்குங்க,
எந்த இடமானாலும் நிறுத்திடுவேன்."

உள்ளே தள்ளும்போது
கால் கட்டைவிரல் இரண்டும் விறைத்திருந்தன.
போர்வையை இழுத்து மூடினேன்,
குளிருக்கு என்று சொல்லி.

மைக்கில் எல்லோருக்கும் நிமிஷம் சொல்வேன்.
இவருக்கு ஊர் சொன்னேன்:
இந்தத் தடதடப்பு கோவிலூர் வரைக்கும்.
அடுத்தது நீளம், குன்றக்குடி தாண்டணும்.
இருமல் வந்தா இப்பவே இருமிக்கோங்க,
பிள்ளையார்பட்டி வரை அசையக் கூடாது.

திரையில் முதுகெலும்பு
ஒவ்வொன்றாக ஏறி வந்தது.
நாலாம் எலும்புக்குக் கீழே இருப்பதை
டாக்டர் சொல்லுவார்.
அது என் குரலில் தெரியாமல்
பார்த்துக்கொள்வது என் வேலை.

சத்தம் நின்ற இடைவெளியில்
பந்து அலறியது.
நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டேன்.
மறுபடி ஒரு தடவை.
அப்புறம் ஒன்றுமில்லை.

ரெண்டு விசில்.

உட்கார்ந்து மைக்கை அமுக்கி
"ரைட்" என்றேன்.
திருப்பத்தூருக்கு
இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.