ஒட்டுகிற மண்

மாசி மகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது
கடல் சத்தமில்லாமல் வந்தது.
அலை உடையவில்லை.
தடித்த பாயை யாரோ
சுருட்டிச் சுருட்டி விரிப்பதுபோல் இருந்தது.

தேவனாம்பட்டினத்தில் விடிந்தால்
முதலில் காதுதான் முழிக்கும், பிறகு கண்.
அன்று என்னை எழுப்பியது மூக்கு.
"அடுப்பாண்ட மண்ணெண்ணெய கொட்டிட்டியாடி?"
என்று சுகப்பிரியாவைத் திட்டினேன்.
எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்து பத்து வருஷம் ஆகிறது.

கலியபெருமாளின் வலையை நாலு பேர் இழுத்தார்கள்.
அதில் ஒரே ஒரு நண்டு
தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டிருந்தது,
பரீட்சைக்குப் போகிற பிள்ளை
மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல்
விடாமல்.

கொஞ்சம் தள்ளி
ஒரு பங்குனி ஆமை ஏறியிருந்தது.
முட்டை வைக்க வந்தவள்.
எண்ணெய் தேய்ச்சிக்கிட்டுப் புரண்டாலும்
ஒட்டுற மண்ணுதான் ஒட்டும் என்று
சீட்டுப் பணம் தராதவர்களிடமெல்லாம்
வாய் ஓயாமல் சொன்னவள் நான்.
அவள் மேல் மொத்தக் கரையும் ஒட்டியிருந்தது.
மணல், கிளிஞ்சல் தூள், ஷாம்பு உறை,
கோழி இறகு,
யாரோ குடித்துப் போட்ட பேப்பர் கப்பின் பாதி.

வனத்துறைத் தணிகாசலம் சமையல் எண்ணெய் கேட்டார்.
"எண்ணெய எண்ணெயாலதாம்மா எடுக்கணும்."
ரேஷன் பாமாயில் பாக்கெட்டைப்
பல்லால் கடித்துத் திறந்தேன்.
கழுத்து மடிப்பில், இமையோரம்,
பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன்.
கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது.
"அழலம்மா, உடம்புல இருக்குற உப்ப எறக்குது" என்றார்.
இருக்கலாம்.
அவர் படித்தவர்.

எட்டேகால் நெல்லிக்குப்பம் பிரைவேட் பஸ்ஸில்
இருபத்திரண்டு வருஷமாகக் கடைசி சீட்டு எனக்கு.
கவிச்சி கவிச்சி என்று கண்டக்டர் ஜன்னலைத் தள்ளுவார்,
கூடைக்குத் தனி டிக்கெட் கிழிப்பார்.
அன்று வெறுங்கூடை. பாக்கி கேட்கப் போனேன்.
பாதி வழியில் "எங்கயோ டீசல் ஒழுகுது" என்று
டிரைவர் வண்டியை நிறுத்தி
அடியில் குனிந்து பார்த்தார்.
நான் காலைச் சீட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
கூடைக்கு டிக்கெட்டும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

டீச்சரம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார்.
"டிவில காட்டுனாங்க தேசம்மா,
ஒரு ரெண்டு மாசத்துக்கு வேணாம்."
போன வாரத்து வஞ்சிரத்துக்கு
முந்நூற்றைம்பது வரவேண்டும்.
அது எண்ணெய்க்கு முந்தின மீன்.
சொல்ல வாய் வரவில்லை.

மகத்தன்று சாமிகள் வந்தன.
கறுத்த ஓரத்துக்கு இருபதடி இப்பால்
வரிசையாக நின்றன.
தீப்பிடிக்கும் என்று போலீஸ்
கற்பூரத்தை மணலில் அமுக்கி அணைத்தது.
குருக்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துப் போய்
கடலைத் தொட்டார்.
தொட்ட விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
தூக்கியபடியே திரும்பி வந்தார்.
பிறகு ஒரு மினி லாரி வந்தது.
இருபது லிட்டர் கேனில் போர் தண்ணீர்.
அந்த வருஷத் தீர்த்தவாரி அப்படி நடந்தது.
மிச்சம் இருந்த அரைக் கேனை
அஞ்சலாட்சி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.
தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

படகுக்குக் கணக்கெடுத்தார்கள். வலைக்கு எடுத்தார்கள்.
இன்ஜினின் நம்பரைக்கூட எழுதிக்கொண்டார்கள்.
"கூடைக்கு?" என்றேன்.
எழுதுகிற பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கத்தில் இருக்குமோ என்று.

ஆமை என்ன ஆனாள் தெரியாது.
சென்னைக்கு ஏற்றிப்போனதாகச் சொன்னார்கள்.

என் குதிகால் வெடிப்பில்
இன்னும் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது.
பாமாயில் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.
தேய்க்கவில்லை.
எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல
ஒரு நாள் யாராவது வருவார்கள்,
வெள்ளைச் சட்டையில்.
அப்போது அவர் முகத்துக்கு நேராக
இந்தக் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.