இடது கை

ஒன்பது மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள்.
வால்டிவியாவில் நான்காம் நாளாக மழை.
பேருந்தில் எல்லோர் கம்பளியிலும்
ஈர விறகின் புகை ஏறி உட்கார்ந்திருந்தது.

"இடது கையைக் கொடு" என்றான் எவரிஸ்டோ,
"வலதில் நரம்பு நழுவும். நம் வீட்டு நரம்பு அப்படி."
பத்தொன்பது ஆண்டுகளாக அந்த மாத்திரைக்காக
மாதம் தவறாமல் ரத்தம் கொடுப்பவன்.
வயதில் நான் மூத்தவள்,
ஊசியில் அவன்.

இன்று அவன் வெறும் துணைக்கு வந்தவன்.
படிவத்தில் அவனுக்கு ஒரே ஒரு கட்டம்:
நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?
அக்கா என்று எழுதினேன்.
ஒளித்துவைத்த கத்திகள்,
இரண்டு தடவை மாற்றிய பூட்டு,
மீன் சந்தைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
தன் பெயரைச் சொல்லிக் கத்துகின்றன என்று
சேற்றில் அவன் மண்டியிட்ட காலை
எல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் போயிற்று.

மிரேயா குழாய்களை அடுக்கினாள்.
ஊதா மூடி. மஞ்சள் மூடி.
தேடுவது அழற்சியின் தடயம் என்றாள்.
தீயை மடித்து வைத்த சொல்.
"உடன்பிறந்தவர்களிடமும் அது கூடுதலா,
கூடுதல் என்றால் மனச்சோர்வோடு அதற்கு உறவு உண்டா,
இன்னும் சரியாகத் தெரியாது.
அதற்குத்தான் நீங்கள்."

எனக்குத் தெரிந்த தீ ஈர விறகுத் தீ.
பற்றவும் பற்றாது, அணையவும் அணையாது.
நாள் முழுக்கப் புகைந்து
கூரைக்குக் கரி பூசும்.

கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
மனம் சோர்ந்திருந்தீர்கள்?
இல்லவே இல்லை. சில நாள்.
பாதிக்கு மேல். ஏறக்குறைய தினமும்.
பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் நான்.
கேட்டதற்குப் பதில், மீதிச் சில்லறை, அடுத்தவர்.
'சில நாள்' என்பதில் குறியிட்டேன்.
பஞ்சை அவன் அழுத்திப் பிடித்துக்கொண்டான்,
"மடக்காதே, நீலம் கட்டும்."

மூன்று வாரம் கழித்து
மருத்துவர் பாரியா எண்ணைப் படித்தார். நான்கு புள்ளி ஆறு.
"சற்று அதிகம்தான். ஆனால் நீவெஸ்,
இது உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.
முந்நூறு பேரைச் சேர்த்து வைத்தால்
ஏதாவது முணுமுணுக்கலாம்.
சளி பிடித்திருந்ததா? புகைப்பீர்களா? பல்?"

பல்.
கீழ்க் கடைவாய், இடப்பக்கம்.
அவனை மருத்துவமனையில் சேர்த்த குளிர்காலத்தில் வலித்தது.
கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு
அவனுக்குத் துணி துவைத்தேன்.
அப்புறம் பார்க்கலாம் என்ற அப்புறத்துக்கு
இரண்டு வயது ஆகிவிட்டது.
நான் சிரித்ததில் அவர் பயந்துபோனார்.
துயரத்தைத் தேடி என் ரத்தத்தில் குதித்தவர்கள்
ஒரு சொத்தைப் பல்லோடு கரையேறினார்கள்!

பாலத்தில் எவரிஸ்டோ நின்றான்.
"அந்தத் தாளில் எத்தனை நாள் போட்டாய்?"
"சில நாள்."
"பதினொன்று" என்றான்.

கீழே ஆறு மழையை வாங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பாய்.
குழாயைத் திறந்துவிட்டு அழுவாய், தண்ணீர்க் காசு ஏறுகிறது.
முதல் ராத்திரி என் தலைக்குள்தான் என்று நினைத்தேன்.
நீ படுத்த பிறகு எழுந்து போய்
தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்.
அப்புறம் தினமும் தொட்டுப் பார்ப்பேன்."

மறுநாள் மிரேயாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஒரு பதிலை மாற்ற முடியுமா?
பதிவாகிவிட்டது, முடியாது என்றாள், வருத்தத்தோடுதான்.
அந்த முந்நூறு பேரின் முணுமுணுப்பில்
நான் சில நாளாகவே இருப்பேன்.

சரியான கணக்கு
அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறது,
பென்சிலில்,
ஐந்தைந்தாய்க் கட்டி, ஒன்று தனியாக.