பெயர்க்காரணம்

ஊர் வரலாறு ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்,
அதோடு பெயர்க்காரணம்.
பெயர்ப்பலகைக்குக் காசு வந்திருக்கிறதாம்.
வெள்ளிக்கிழமைக்குள் வேணும் என்று
ஜீ.எஸ். தர்சிகா
ஸ்கூட்டியை நிறுத்தாமலே சொல்லிப் போனாள்.

கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான்.
என்னிடம் இருப்பது
உரமானியப் பட்டியல்,
வாய்க்கால் துப்புரவுக்கு வராதவர்களின் பெயர்கள்,
மூடி தொலைந்த ஒரு பேனை.

விளாத்திமுறிப்பு.
விளாத்தி உண்மை. அடிக்கட்டை
இப்போதும் நிற்கிறது வானுக்குக் கிழக்கே,
செல் துண்டை விழுங்கியபடி.
முறிப்புத்தான் சிக்கல்.
குளக்கட்டு முறிந்தது எல்லாருக்கும் தெரியும்.
யார் முறித்தது என்பதில்
ஊர் இரண்டு.

கொம்பன் என்பார்கள் மேல்வயல்காரர்.
வெள்ளம் என்பார் ஐயர்.
எந்த வெள்ளம்? ஐம்பத்தேழாம்.
அதற்கு முந்திய கச்சேரி வரைபடத்திலும்
இதே பெயர்தான் கிடக்கிறது.

கீழ்வயல் கோணாமலையர்
என் முகத்துக்கு நேரே சொல்லாதது:
அலைகரையில் களவாய் விதைத்தவன் வீரகத்தி.
மழை விடவில்லை. கதிர் தாழத் தாழ
நடுச்சாமம் மண்வெட்டியோடு கட்டில் ஏறினான்.
விடியக் கீழ்வயலில் நெல் இல்லை,
மாட்டுப்பட்டி இல்லை.
புளியங்கொப்பில் ஒரு தொட்டில், வெறுமையாய்.

வீரகத்தி என் அப்பாவின் பூட்டன்.

ஊர் முழுக்க வெளிக்கிட்ட மாசியில்
கோணாமலையரும் நாங்களும் ஒரே பெட்டியில்,
நெல்மூட்டைக்கு மேல்.
அவர் மகள் பிள்ளை பெற்றது
எங்கள் தறப்பாளுக்குள்.
அப்போதெல்லாம் குளத்தைப் பற்றி
ஒருவரும் கதைக்கவில்லை.

மீளக் குடியேறி முதல் போகம்.
துருசு திறக்கும் நாள், கட்டில் நின்று
கையை விரித்துக் கத்தினார்:
"உவங்கட ஆக்களைத் துருசுப் பக்கம் விடாதேங்கோ!"
அன்றைக்குத்தான் நம்பினேன்,
ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று.

வியாழன் இரவு எழுதினேன்.
வீரகத்தி என்பவர் தன் விதைப்பைக் காக்க
கட்டை வெட்டியதால் இப்பெயர் வந்தது.
வேறொன்றும் எழுத வரவில்லை.

தலைவர் அவர்தான், ஒப்பம் வேண்டும்.
வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
பேனையை வாங்கி
அந்த வரியின் மேல் இரண்டு கோடு இழுத்தார்.
"போர்ட்டில போட்டா
பஸ்சில போறவனெல்லாம் வாசிப்பான்."
மேலே, கோணல் எழுத்தில்: யானை.

ஒப்பமிட்டு நீட்டும்போது சொன்னார்,
"நாளைக்கு வாய்க்கால் வெட்டு உங்கட பங்கு.
மண்வெட்டி கொண்டு வா.
பகலில வா."