துணைக் கேள்வி

இரவு பதினொன்றேகாலுக்கு
ஊராட்சிச் செயலரின் போன்.
"நம்புராசு, டெல்லியில கேட்டிருக்காங்கப்பா."
என்னத்த என்றேன்.
கடலுக்குப் போன யாரோ திரும்பலை என்று
அதற்குள் வயிறு கலங்கிவிட்டது.
"சிப்பிக்குடிக்குத் தண்ணி வருதான்னு."

பதினாறு வருடமாய்த் தொட்டி வால்வு திறக்கிறவன்.
என் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதுகூட
எனக்கு யாரும் சொன்னதில்லை.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

காலையில் வாட்ஸப்பில் வந்தது கேள்வி.
சாய்வாய்ப் படமெடுத்த தாள்,
ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரம் போட்டால்
மந்திரி எழுந்து நின்று வாயால் சொல்லணுமாம்.

(அ) கடலோரக் குக்கிராமங்களுக்குக் குடிநீர்
முறையாக வழங்கப்படவில்லை என்பது உண்மையா;
(ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள் யாவை;
(இ) இல்லை எனில், அதற்கான காரணங்கள் யாவை.

இல்லை என்றாலும் விடாமல்
காரணம் கேட்கிற அந்த ஆளை
எனக்குப் பிடித்துப்போனது.

மாலை ஐந்துக்குள் வேண்டும் என்றார்கள்.
கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்:
எட்டு நாளைக்கு ஒருதரம், சிலதரம் பதினொன்று.
திறந்தால் நாற்பது நிமிஷம்.
மாதா கோயில் மேட்டுக்கு ஏறாது.
மற்ற நாளில் பனைகளுக்கு அந்தப் பக்கம்
மணலில் ஊத்துத் தோண்டிச்
சிரட்டையால் கோருகிறார்கள்.
ஒரு குடம் ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம்.
குடம் இரண்டுதரம் விழுந்துவிட்டது, அடிக்கவில்லை.

"சிரட்டையெல்லாம் எதுக்குப்பா" என்றார் செயலர்.
ஒன்றிய ஆபீஸில் பதினொன்று போனது.
ராம்நாட்டில் சராசரி போட்டார்கள்.
அதற்கு மேலே மெட்ராஸ்,
அதற்கும் மேலே என்ன நடந்ததோ, நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஏலக்கொட்டகையில்
ஐஸ் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துப்
பதினைந்து பேர் பார்த்தோம்.
மந்திரி எழுந்தார். இஸ்திரி கலையாத சட்டை.
தொண்டையைச் செருமினார்.
பேசியது இந்தி.
ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்களுக்கு
ரூம் பிடித்துக் கொடுக்கிற ஜெரோன்
எங்களுக்குத் தமிழில் சொன்னான்:

"மொதக் கேள்விக்கு இல்லங்கிறாரு."
"ரெண்டாவதுக்கு?"
"கேள்வி எழும்பலையாம்."
"ஏன், ஒறங்குதா?" என்றது நண்டு வலைக்காரர் ஒருவர்.
"மூணாவதுக்கு,
ஆளுக்கு நாளைக்கு அம்பத்தஞ்சு லிட்டர் குடுக்குறாகளாம்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சூடைமீன் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது,
அதுவும் உப்பு.

அப்புறம் பின்வரிசையில் ஓர் அம்மாள்,
எந்த ஊரோ, எந்தக் கட்சியோ,
துணைக் கேள்வி என்று கையைத் தூக்கினார்.
மணி பன்னிரண்டு.
நேரம் முடிந்தது என்றார்கள்.
அவர் வாய் அசைந்தது, மைக் அசையவில்லை.
அந்த அம்மாள் என்ன கேட்க வந்தார் என்று
இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முறை.
வெயிலுக்கு முன்னால் தொட்டியடிக்குப் போனால்
குடத்தைக் கவிழ்த்து அதன் மேல்
உட்கார்ந்திருக்கிறாள் பெபியோலா.
"எப்ப தெறப்ப?"
"மேல இருந்து தண்ணி ஏறணும்."
"எப்ப ஏறும்?"
"சொல்லியிருக்கு. நடவடிக்கையில இருக்கு."
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.
கிரீஸ் கறை இருந்தது, நல்லவேளை.

அவள் எழுந்திருக்கவில்லை.
"நீதானே எழுதிக் குடுத்த?"
"ஆமா."
"சிரட்டைன்னு எழுதினியா?"
"எழுதினேன்."
"பெறகு அது எங்க?"

எந்த மேசையில் விழுந்து எதற்கடியில் உருண்டதோ.
இதற்கு (அ) இல்லை, (ஆ) இல்லை.

வால்வுச் சாவியை இரண்டு கையாலும் திருகினேன்.
குழாய் முதலில் செருமியது.
அப்புறம் வெறும் காற்று,
நெடுநேரம்.
அவள் குடத்தை நிமிர்த்தி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.