நிர்வாக நலன் கருதி

புயலுக்குப் பிறகு ஒன்பது நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில் இருந்தது,
டீசல் இல்லை.
தடுப்பூசிப் பெட்டிக்குள் கைவிட்டேன்.
மதியத்து நாற்றங்கால் தண்ணீர்போல் வெதுவெதுப்பு.

பத்தாம் நாள் வெப்பநிலைப் பதிவேட்டில்
நாலு, நாலு, அஞ்சு, நாலு.
காலை, மாலை, பதினெட்டுக் கட்டமும்
ஒரே பேனா, ஒரே சாய்வு.
கடைசிக் கட்டத்தில் என் சுருக்கொப்பம்.
நான் போடாதது.

புதன்கிழமை முப்பத்தோரு குழந்தைகள்.
செங்கமலத்தின் பெண் அழவே இல்லை,
என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.
போட்டேனா என்றால், போட்டேன்,
பதினேழு பேருக்கு.
பதினெட்டாவது தொடையைத் துடைத்த பஞ்சோடு
எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்றிரவே எழுதினேன்.
உறைமேல் 'ரகசியம்' என்று போட்டு
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
இருபத்திரண்டாம் நாள் அது வந்து சேர்ந்தது,
யாரைப்பற்றி எழுதினேனோ அவர் மேஜைக்கு.
என் பெயர், பதவி, செல்போன் நம்பர் எல்லாவற்றோடும்,
'உரிய நடவடிக்கைக்காக' என்ற முத்திரையோடும்.

நடவடிக்கை எடுத்தார்கள்.
கோடியக்கரைக்கு மாறுதல்.
நிர்வாக நலன் கருதி.
அந்த நலன் எந்த பைக்கில் வரும்,
எத்தனை மணிக்குக் கிளம்பிப் போகும்
எல்லாம் எனக்குத் தெரியும்.

மன்னார்குடி வக்கீல் ஜெகபர்
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:
"சட்டம் இருக்கும்மா.
புகார் கொடுத்தவங்க பேரை வெளியே விடக்கூடாது,
பழிவாங்கக் கூடாது, எல்லாம் எழுதியிருக்கு.
பார்லிமென்ட்ல நிறைவேத்தியாச்சு, கெசட்ல வந்தாச்சு.
அமலுக்கு வர்ற தேதிதான்
இன்னும் அறிவிக்கலை."

நான் கடைமடைக்காரி.
மேட்டூரில் மதகு திறந்த படத்தைப்
பேப்பரில் பார்த்துவிட்டு
வெடித்த வாய்க்காலில் போய் நிற்கிற ஜனம்.
அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஹைகோர்ட்டுக்குப் போகலாம்" என்றார்.
"எத்தனை வருஷம் சார்?"
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கோடியக்கரை பஸ் முழுக்க உப்புக்காற்று.
புது இடத்தில் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை.
எனக்கு முன்பே என் கதை
முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது.

பெட்டியைத் திறந்தேன்.
தெர்மாமீட்டரில் பதினொன்று.
பதிவேட்டில் நேற்று நாலு. முந்தாநாள் நாலு.
ஆணியில் கட்டித் தொங்கவிட்ட பேனாவின் நூல்
இன்றைய கட்டம்வரை எட்டவில்லை.
பதிவேட்டை ஆணிப் பக்கம் இழுத்தேன்.
பதினொன்று.
பக்கத்தில், சுருக்காமல்,
தையல்நாயகி.