இணைத் தாள்

பதிவேட்டில் நூற்றிருபது பக்கம்.
எண் அச்சாகியே வரும்,
எவரும் கிழித்துவிடக் கூடாதென்று.
எண்பத்தாறுக்கு அடுத்தது
எண்பத்தொன்பது.

ஆகவே செவ்வாய் இரவு பதினொன்றே காலிலிருந்து
புதன் விடிகாலை நாலு மணி வரை
சாட்ஸ்வர்த்தின் அந்த நிலையத்தில்
ஒன்றுமே நடக்கவில்லை.
குடிகாரன் எவனும் வரவில்லை.
போன் அடிக்கவில்லை.
லுவாசி என்ற பத்தொன்பது வயதுப் பையனின்
இடது காதுச் சவ்வு கிழியவில்லை.

நான் விசாரிக்கப் போனவள்.
டர்பனில் ஏழாவது மாடியில் என் மேசை.
போலீஸ் மேல் வந்த புகாரைப்
போலீஸே விசாரித்துக்கொண்ட காலம் போய்
என்னைப் போல் சிலரை உட்காரவைத்தார்கள்.
வெளியாள் என்று பெயர்.
‘போதிய ஆதாரம் இல்லை’ என்று
இந்த எட்டு வருஷத்தில் நான் முடித்த கடிதங்களைத் தைத்தால்
இந்தப் பதிவேட்டைவிடத் தடிமனாக வரும்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று
சொல்லிவிட்டுப் போய்விடலாம் மற்றவர்கள்.
என் படிவம் கேட்பது வேறு:
எந்த வேலி?
எத்தனை மணிக்கு?
பயிருக்கு முன்விரோதம் ஏதும் உண்டா?

வாரண்ட் ஆஃபிசர் தனபாலன் படையாச்சி
தேநீரோடு பிஸ்கட்டும் வைத்தார்.
என் தங்கை கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்.
மேசை மேசையாகக் குனிந்து
பிரியாணி போதுமா, பருப்பு ஊற்றவா என்று
ஒருவரையும் விடாமல் கேட்டவர்.
விசாரணை என்றால் எனக்கு
முதலில் அந்தக் குனிவுதான் ஞாபகம் வரும்.

‘மட்டமான பேப்பர், தங்கச்சி.
தானாகவே உதிரும்.’

தானாக உதிரும் தாள்
ஸ்கேல் வைத்து உதிருமா என்று
நான் கேட்கவில்லை.
பிஸ்கட்டைத் தின்றேன்.

கார் நிறுத்தத்தில், பதிவேட்டைப் பையில் போடும்போது
நடுவிலிருந்து நழுவி விழுந்தது ஒரு தாள்.
முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு.
ஒரே கட்டாக முதுகில் தைத்த புத்தகம் அது.
ஒன்றைப் பிய்த்தால்
தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் மறுபாதி
பிடி விட்டுவிடும்.
பிய்த்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.
எனக்கும்தான்.

குனிந்து பொறுக்கினேன். படித்தேன்.
அந்தத் தாளில் ஒரு நாய் காணாமல் போயிருந்தது.
பழுப்பு நிறம், வாலில் வெள்ளை,
ஷாடோ என்று கூப்பிட்டால் வரும்.
அழகான கையெழுத்து.
நாய்க்கு ஒன்பது வரி.

பானெட்டின் மேல் குரங்கொன்று உட்கார்ந்து
எவர் வீட்டு மாம்பழத்தையோ உரித்துக்கொண்டிருந்தது.
விரட்டவில்லை நான்.

கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது அந்தக் கேள்வி:
குற்றம் சாட்டப்பட்டவரோடு
உறவோ பழக்கமோ உண்டா?
மூன்று மாதமாக
அந்தக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.
நானும் ஒரு பக்கம் கிழித்துத்தான் வைத்திருந்தேன்,
ஸ்கேல் இல்லாமல்.

‘ஆம்’ என்று குறித்தேன்.

மேலதிகாரி ‘இப்போதா?’ என்றார்.
எனக்கொரு கண்டனக் கடிதம் வந்தது. நியாயம்தான்.
படையாச்சி நான்கு முறை அழைத்தார்.
தங்கை ஒரே ஒரு முறை அழைத்துப்
பேசாமல் வைத்துவிட்டாள்.
கோப்பு, காணாத பக்கம், காணாமல்போன நாய் எல்லாம்
கதவுக்கு எதிர்க்கதவில் இருக்கும்
நோசிஃபோவின் மேசைக்குப் போயின.

வெள்ளிக்கிழமை புசிசிவே வந்தாள்.
மார்க்கெட்டில் மீன் செதுக்கிய கை,
எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகாத வாசனை.
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது:
ஆள் மாறியிருக்கிறது,
முதலிலிருந்து சொல்ல வேண்டும்.
‘எல்லாவற்றையுமா?’
எல்லாவற்றையும்.

மகன் பக்கத்தில் நின்றான்.
வலது காதைத் திருப்பி
அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு.

பையைத் தரையில் வைத்தாள்.
‘மூன்று மாதமாகச் சொன்னேனே,
உனக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது?’

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள்.
கதவு முழுக்கச் சாத்தவில்லை.
நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன்,
அங்கே எனக்கு வேலை ஏதும் இல்லை.

‘செவ்வாய்க்கிழமை,’ என்று தொடங்கினாள்.
‘கரண்ட் இல்லை.’